செல்லூர் மாடியில் இருபத்தாறு அடி

வலது காலை எடுத்து வைத்ததும் என் கணவர் கத்தினார்.

"அங்க இல்ல கிரேஸ், அது கடலு! பின்பக்கமா ஏறி வா."

பின்பக்கம் என்பது தண்ணீர்த் தொட்டிக்கும் துணி காயப்போடும் கம்பிக்கும் நடுவில் இருந்தது. சுற்றிக்கொண்டு போய் அங்கிருந்து ஏறினேன்.

செல்லூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மொட்டை மாடி அது. பகலெல்லாம் தளத்தில் ஏறிய சூடு இன்னும் இறங்கவில்லை. உள்ளங்கால் பொரிந்தது. என்னைச் சுற்றிலும் சாக்பீஸ் கோடு, முன்னால் கூர்ந்து, நடுவில் அகன்று, பின்னால் மறுபடி குறுகி ஓடியது. நீளம் இருபத்தாறு அடி, அகலம் எட்டு அடி. பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் ஒரு பெட்டி அதில் கரைந்திருந்தது.

"இது ஒரு படுக்கை. எதிர்த்தாப்புல இன்னொண்ணு. நடுவுல நடக்க ஒண்ணேகால் அடி. இந்தா, இது உன் சமையக்கட்டு."

என் சமையலறை இரண்டு முழம் இருந்தது. அதற்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். பக்கத்து மாடியில் சிவப்புச் சாயம் ஏற்றிய நூல் காய்ந்துகொண்டிருந்தது. கீழே விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த அதிர்வு தளம் வழியாக இடுப்பு வரை ஏறியது.

"இன்ஜின் ஓடுது பாரு" என்றார்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் பெருமாள்சாமி அண்ணன் படியேறி வந்துவிட்டார். கீழே ஓடிய தறிகள் அவருடையவை. கோட்டை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"என்ன வாத்தியாரே, இது என்ன கோலம்?"

"படகுண்ணே."

"எதுக்கு?"

"குடியிருக்க."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். முகத்தில் உண்மையான கவலை. "ஏன் தங்கச்சி, நம்ம வீட்ல எதுவும் கொறையா?"

ஒரு டிரங்குப் பெட்டி

இந்தத் தொடரில் என் கணவர் இதுவரை அதிகம் தலைகாட்டவில்லை. அவரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் படகைப் பற்றி எழுதாமல் முடியாது. அவர் இருக்கும்வரை அதை எழுதுவதில்லை என்று வைத்திருந்தேன். சென்ற ஆண்டு அவர் தவறினார்.

பெயர் தேவசகாயம். மிஷன் பள்ளி ஒன்றில் பூகோள வாத்தியார். அவர் சொந்தக்காரர்கள் எல்லாம் உசிலம்பட்டிப் பக்கம் கிணற்றுப் பாசனம் செய்கிறவர்கள். அந்தக் குடும்பத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியவர் யாரும் இல்லை. நான் டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் லைன் போட்டுக் கொடுக்கும் ஆபரேட்டர். காதில் ஹெட்போன், எதிரே துளைகளும் சின்ன விளக்குகளும் நிறைந்த பலகை. கொழும்பு கேட்டால் கொழும்பு, பம்பாய் கேட்டால் பம்பாய். எல்லா ஊரும் என் கை வழியாகப் போகும். நான் மட்டும் டவுன் பஸ் பிடித்து வீட்டுக்கு வருவேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை விடுமுறை. பள்ளியில் நெடுநாள் இருந்த அமெரிக்கர் ஒருவர் ஊர் திரும்பினார். அவர் விட்டுப்போன சாமான்களை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். ஒருவருக்கு மேசை, ஒருவருக்குத் தையல் மிஷின். என் கணவர் சைக்கிள் கேரியரில் ஒரு டிரங்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். தையல் மிஷின்தான் வந்துவிட்டதோ என்று நான் ஓடிப் போய்த் திறந்தேன்.

உள்ளே அத்தனையும் பத்திரிகைகள். பாய்மரப் படகுகளைப் பற்றி மட்டுமே எழுதும் பத்திரிகைகள். அப்படி ஒன்று உலகத்தில் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

நான் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கறிவேப்பிலை உருவிக்கொண்டே ஒன்றைப் புரட்டினேன். ஒரு படம். ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், சின்னப் படகு ஒன்றின் வாசலில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் எதுவுமே இல்லை. கடல் மட்டும். அவளும் அவள் கணவனும் ஆறு வருடமாக அதிலேயே வாழ்கிறார்களாம். வாடகை இல்லை, வீட்டுக்காரர் இல்லை, 'இன்னும் விசேஷம் எதுவும் இல்லையா' என்று கேட்க அக்கம்பக்கம் இல்லை.

எங்களுக்குக் குழந்தை இல்லாததைப் பற்றி ஏற்கெனவே ஒரு வாரம் எழுதிவிட்டேன். மறுபடி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கவே நாங்கள் பக்கவாட்டு வாசல் வழியாக வெளியேறுவோம் என்பதை மட்டும் இங்கே சொன்னால் போதும்.

அன்று மாலை அவர் பள்ளியிலிருந்து வந்ததும் கேட்டேன். "ஏங்க, இதுல அரிசி எங்க வைப்பாக?"

அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

எந்தப் படகு?

அடுத்த பத்து வருடம் நாங்கள் ஒரு படகைத் தேர்ந்தெடுத்தோம். மற்றவர்கள் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பார்கள், இடம் வாங்கிப் போடுவார்கள். எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் படகு.

முதலில் அளவு. நாற்பது அடியில் அழகழகாகப் படகுகள் இருந்தன. அவர் வேண்டாம் என்றார். பெரிய படகில் பெரிய பாய் இருக்கும். காற்று முறுக்கினால் இரண்டு பேரால் அதைச் சுருட்ட முடியாது. இருபதுக்குக் கீழே போனால் ஆறு மாதத்துச் சாமான் ஏறாது. இருபத்தைந்து, இருபத்தாறு என்று வந்து நின்றோம்.

பிறகு எதனால் கட்டியது என்ற கேள்வி. நம் பக்கத்துச் சூட்டில் மரத்தைப் புழு துளைத்துவிடும். இரும்பு துருப்பிடிக்கும். சிமெண்டில்கூடக் கட்டுகிறார்கள் என்று அவர் படித்துச் சொன்னபோது பெருமாள்சாமி அண்ணனும் இருந்தார்.

"சிமிண்டா? முங்கிறாதா வாத்தியாரே?"

"கப்பலு இரும்புலதானண்ணே செய்யுறாக. அது முங்குதா?"

அண்ணனுக்கு அது சரியாகப் பட்டது. "அப்ப நம்ம கொத்தனார வச்சே கட்டிரலாம்ல. எதுக்கு வெளியூர் போகணும்?"

கடைசியில் ஃபைபர் என்று முடிவானது. அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பாய் விஷயத்தில் அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. பாய்த் துணி எப்படி இருக்க வேண்டும் என்று என் கணவர் படித்ததை எல்லாம் கவனமாகக் கேட்டுக்கொண்டார். தன் வேட்டி நுனியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அம்புட்டுக் காத்து தாங்கணும்னா பாவும் ஊடையும் நெருக்கி அடிக்கணும். நூல் மட்டும் நல்லதா வாங்கிக் குடுங்க, நான் நெய்ஞ்சு தாரேன். உங்க படகுல செல்லூர்த் துணிதான் பறக்கணும், ஆமா."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த வீட்டில் எங்களைக் கிறுக்கர்கள் என்று நினைக்காத ஒரே ஆள் அவர். நினைத்திருந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை.

பாய்மரம் ஒன்றா இரண்டா என்பதில் எங்களுக்குள் பெரிய சண்டை. அவருக்கு இரண்டு வேண்டும். படத்தில் அழகாக இருந்தது. நான் ஒன்று போதும் என்றேன். கயிறு அறுந்தால் ஏறிக் கட்டப் போவது அவர் இல்லை, அவருக்கு ஏணியில் ஏறி பல்ப் மாட்டவே தலை சுற்றும். அதைச் சொன்னதும் முகம் சுண்டிவிட்டது. அப்போது நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

தண்ணீர்தான் எனக்கு எளிதாக இருந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் என்று பத்திரிகை பயமுறுத்தியது. மதுரைக்காரிக்கு இது ஒரு பயமா? சித்திரை மாதம் குழாயடியில் ஒரு குடத்துக்குக் கால்கடுக்க நின்றவள் நான். தினம் ஆறு லிட்டரை அளந்து வைத்துக்கொண்டு பத்து நாள் குடும்பம் நடத்திப் பார்த்தோம். ஒன்பதாம் நாள் மட்டும் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

கடல் தண்ணீர் ஒரு பங்கு, நல்ல தண்ணீர் இரண்டு பங்கு சேர்த்து சோறு வடிக்கலாம் என்று பத்திரிகையில் இருந்தது. கல்லுப்பைக் கரைத்துக் 'கடல்' செய்து பொங்கிப் பார்த்தேன். அவர் வாயில் வைத்தார், மென்றார், விழுங்கினார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு ஒரு செம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தார்.

கண்மாயில் இரண்டு படகு

படகுக்கு அடியில் முதுகெலும்பு போல ஒன்று இறங்கியிருக்கும். கீல் என்பார்கள். படகு குப்புறக் கவிழாமல் பிடித்துக்கொள்வது அதுதான். அது குட்டையாக, மீன் துடுப்பு மாதிரி ஆழமாக இறங்கினால் படகு வேகமாகப் போகும். முன்னிருந்து பின்வரை நீளமாக இருந்தால் மெதுவாகப் போகும், ஆனால் சொன்ன திசையை விடாது.

எது என்பதில் பத்திரிகைக்காரர்களே அடித்துக்கொண்டார்கள். என் கணவர் இரண்டு சின்னப் படகு செய்தார். கட்டை செதுக்கியது அவர், பாய் தைத்தது நான். கோரிப்பாளையத்தில் பேட்டரிக் கடையில் பழைய ஈயம் வாங்கி வந்து உருக்கி அடியில் ஊற்றினார்.

நல்ல மழை பெய்த வருடம். செல்லூர்க் கண்மாய் கரை தொட்டு நின்றது. சாயங்காலம் போனோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள், துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். ஒரு வாத்தியாரும் எக்ஸ்சேஞ்ச் அம்மாவும் பொம்மைப் படகோடு வந்தால் யார்தான் வேலை பார்ப்பார்கள்?

குட்டைக் கீல் படகு அம்பாகப் பாய்ந்தது. பத்தடி போனதும் காற்று கொஞ்சம் திரும்பியது. அதுவும் திரும்பியது. வட்டம் போட்டுக்கொண்டு எங்களிடமே வந்து சேர்ந்தது.

நீளக் கீல் படகு மெதுவாக நகர்ந்தது. நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். இல்லை, போய்க்கொண்டிருந்தது. காற்று அடித்தபோது சாய்ந்தது, நிமிர்ந்தது, தன் வழியே போனது. கண்மாய் நடுவில் ஆகாயத்தாமரைக்குப் பக்கத்தில், ஒரு உள்ளங்கை அகலப் பாய், நான் தைத்தது, சிறுத்துக்கொண்டே போனது.

"இதுதாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. படகையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுதான்" என்றார்.

செல்வராணியின் லைன்

தூத்துக்குடி எக்ஸ்சேஞ்சில் செல்வராணி என்று ஒருத்தி. பல வருடம் தினமும் பேசினோம், முகம் பார்த்ததில்லை. லைன் சும்மா இருக்கும் நேரத்தில் அவளிடம் எல்லாம் சொல்வேன். படகையும் சொல்லியிருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். பொங்கல் முடிந்து சில நாள்.

"யக்கா, ஒரு சங்கதி. ஹார்பர்ல பாய்மரப் படகு ஒண்ணு வந்து நிக்கி. ஒத்தையா ஒரு வெள்ளக்காரத் தாத்தா வந்துருக்காவ. டென்மார்க்காம். வீட்டம்மாவுக்கு ஊர்ல சீக்காம். படகக் குடுத்துட்டுப் பிளேன்ல போவணும்னு ஆள் தேடுதாவ."

"எம்புட்டு நீளம்?" என்றேன்.

"அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? சின்னதுதான். ஒரு லாரி நீளம் இருக்கும்."

அன்று நான் எத்தனை பேருக்குத் தவறான நம்பரைப் போட்டேன் என்று எனக்கே தெரியாது.

அருப்புக்கோட்டை வழியாக பஸ். உப்பளங்கள் வந்ததும் என் கணவர் ஜன்னல் பக்கம் எனக்கு இடம் விட்டார். படகுக்காரப் பெரியவர் பெயர் ஹென்ரிக். வெயிலில் காய்ந்து கருவாடாக இருந்தார். கஸ்டம்ஸ் பேப்பர் வேலையை ஒரு ஏஜெண்ட் பார்த்துக்கொள்வார், ஆறு மாதம் ஆகும், ஆனால் முடியும் என்றார். அவர் கேட்ட விலை, எங்கள் சேமிப்பும் என் நகைகளும் சேர்ந்தால் எட்டிவிடக்கூடிய விலை.

படகைப் பார்த்தோம். ஒரே பாய்மரம். நீளக் கீல். இருபத்தாறு அடிக்கு ஒரு சாண் கூடுதல். என் கணவர் ஆங்கிலத்தில் கேள்வி மேல் கேள்வி கேட்டார். எல்லாமே சரியான கேள்விகள். பெரியவர் ஆச்சரியப்பட்டு, "எத்தனை வருடமாகக் கடலில் இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். என் கணவர் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

நான் உள்ளே இறங்கினேன். மண்ணெண்ணெய் வாசனை, உப்பு வாசனை, ஈரக் கம்பளி வாசனை. அடுப்பைத் தொட்டேன், ஆடியது. படுக்கையில் படுத்துப் பார்த்தேன். காதுக்குப் பக்கத்தில், ஒரு விரல் கனச் சுவருக்கு அந்தப் பக்கம், தண்ணீர் சளசளவென்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது.

நாளைக் காலை வெளியே போய் வரலாம், அனுமதி வாங்கி வைக்கிறேன் என்றார் பெரியவர்.

தடுப்புச் சுவருக்கு அப்பால்

துறைமுகத்தின் கல் சுவரைத் தாண்டும்வரை இன்ஜின் ஓடியது. தாண்டியதும் பெரியவர் பாயை ஏற்றினார். அது படபடவென்று அடித்துக்கொண்டது. பிறகு ஒரே ஒரு முறை 'டப்' என்று புடைத்து நின்றது. இன்ஜினை நிறுத்தினார்.

அந்த அமைதியை எப்படிச் சொல்வது? வாடைக்காற்று இடப்பக்கமிருந்து வந்தது. படகு ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தது.

என் கணவர் பத்து நிமிடம் தாங்கினார். முகம் சாம்பல் பூத்தது. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். பெரியவர் அவரை உள்ளே கூட்டிப் போய்ப் படுக்க வைத்து ஒரு வாளியைக் கொடுத்துவிட்டு வந்தார். "முதல் நாள் எனக்கும் இப்படித்தான்" என்றார்.

பிறகு சுக்கானின் தடியை என் கையில் கொடுத்தார். பாயில் ஒரு கயிற்றைச் சரிசெய்ய அவர் முன்பக்கம் போக வேண்டியிருந்தது. போனவர் திரும்பி வந்து தடியைக் கேட்கவில்லை. எதிரே உட்கார்ந்து புகையிலையைச் சுருட்டினார்.

தடி கனத்தது. ஒவ்வொரு அலைக்கும் அது என் கையை இழுத்தது. இழுத்த இழுப்புக்கு விடாமல், மல்லுக்கட்டவும் செய்யாமல் பிடிக்க வேண்டும் என்று கை தானே கண்டுபிடித்தது. தடியை அந்தப் பக்கம் தள்ளினால் படகு இந்தப் பக்கம் திரும்பியது. நான் செய்தேன், அது செய்தது. நாற்பது வயதுவரை என் சொல்லுக்கு இவ்வளவு பெரியது எதுவும் திரும்பியதில்லை.

சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. கொண்டை அவிழ்ந்து முடி வாயில் உப்புக் கரித்தது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்பது பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தபோதுதான் தெரிந்தது.

"படகுக்கு உங்களைப் பிடித்துவிட்டது" என்றார்.

ஒரு முறை தடியை அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். என் கணவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு படுக்கையின் பக்கப் பலகையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். விரல் கணுவெல்லாம் வெளுத்திருந்தன.

"கிரேஸ், கரை தெரியுதா?"

"தெரியுதுங்க."

அப்போது தெரிந்தது. இன்னொரு மணி நேரம் கழித்து மறுபடி கேட்டார். உப்பளக் கரை கீழே போய்விட்டிருந்தது. ஒன்றிரண்டு புகைபோக்கிகள் மட்டும் குச்சி குச்சியாக நின்றன. அடுத்த முறை கேட்டபோது அவையும் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்.

"தெரியுதுங்க. பக்கத்துலதான்" என்றேன். சொல்லிவிட்டு மேலே வந்து அந்த வெறுமையை ஒரு சுற்று முழுதாகப் பார்த்தேன்.

கஸ்டம்ஸ் வாசலில்

கரையேறியதும் கஸ்டம்ஸ் வாசலுக்கு எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். டீ வாங்கிக் கொடுத்தேன். கால்வாசியை மடியில் சிந்திக்கொண்டார்.

"கிரேஸ், என்னால முடியாது."

"மொத நாலு நாளு அப்படித்தான்னு நீங்கதான படிச்சுச் சொன்னீங்க. பெறகு பழகிரும்."

"வாந்தி எம்புட்டு எடுத்தாலும் பரவாயில்ல. அது இல்ல இது." கிளாஸைக் கீழே வைத்தார். "நமக்கு அடியில தரை இல்லேங்கிறது மனசுக்குள்ள போயிருச்சு. எம்புட்டு ஆழமோன்னு ஒரு தடவ நெனச்சேன். அப்பறம் நெனைக்காம இருக்க முடியல. உன்னயப் பத்து வருசமா ஏமாத்திட்டேன்."

அவர் கீழே வைத்த கிளாஸைக் கால் படாமல் ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

"உனக்கு எப்படி இருந்துச்சு? நெசத்தச் சொல்லு. உனக்கு வேணும்னா நான் வாரேன். பல்லக் கடிச்சுக்கிட்டு வாரேன். கர்த்தர் மேல ஆணையா வாரேன்."

வருவார். அதுதான் சிக்கல். அவர் சொன்னால் செய்கிறவர். மாலத்தீவு வரை, அதற்கு அப்பாலும், அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டு, கரை தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே வருவார். நான் மேலே உட்கார்ந்து சிரித்துக்கொண்டு போவேன்.

"எனக்கும் பயமாத்தாங்க இருந்துச்சு" என்றேன். "எப்படா கரைக்கு வருவோம்னு ஆயிருச்சு."

"நெசமாவா?"

"நெசமா."

"அப்பாடா" என்று சொல்லிவிட்டார். தோள் இரண்டும் இறங்கின. சிரித்தார். உடனே அழுதார். அந்த 'அப்பாடா'வுக்காக எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. ஒரு நிமிடம்தான். பிறகு அவர் மடியில் சிந்திய டீயை முந்தானையால் துடைத்தேன்.

பெரியவர் எங்களைத் தேடி வந்தார். என் கணவரிடம், "உங்கள் மனைவி..." என்று ஆரம்பித்தார். நான் குறுக்கே பாய்ந்தேன். நன்றி, எங்களுக்கு இது சரிப்படாது, இருவருக்குமே பயமாக இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கடகடவென்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். தடி உராய்ந்து உரிந்திருந்த என் வலது உள்ளங்கையைப் பார்த்தார். நான் விரல்களை மடக்கிக்கொண்டேன்.

"சரி" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு இன்றுவரை நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

திரும்பும் பஸ்ஸில் என் கணவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார், அத்தனை நிம்மதியாக. மதுரை வரும்வரை நான் அந்தக் கையைத் திறக்கவில்லை. உப்புப் பட்ட இடம் விண்விண் என்று தெறித்துக்கொண்டே வந்தது. அது நின்றுவிடக் கூடாது என்றும் இருந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் நன்றாகத்தான் வாழ்ந்தோம். அழகர்கோவில் சாலையில் ஒரு வீடு கட்டினோம். பெருமாள்சாமி அண்ணன் திரைச்சீலைக்குத் துணி நெய்து கொடுத்தார், வாத்தியார் படகு வாங்காததில் எங்களைவிட அவருக்கு வருத்தம். ரயிலில் நிறைய ஊர் போனோம். கடற்கரை உள்ள ஊருக்குப் போகும்போதெல்லாம் கடலைப் பார்த்து என் கணவர் சொல்வார்:

"நல்லவேள கிரேஸ். தப்பிச்சோம்."

"ஆமாங்க" என்பேன்.

எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஒவ்வொரு தடவையும் அவர் முகம் தெளிந்தது. அவர் நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். நம்பாமல் நம்பியது போல் இருந்திருந்தால், அதுவும் அவர் எனக்குச் செய்ததுதான்.

தூத்துக்குடியிலிருந்து திரும்பிய அந்த வாரமே, வெள்ளிக்கிழமை காலை டியூட்டி. பத்து மணி இருக்கும். பலகை முழுக்க விளக்குகள் எரியும் நேரம். செல்வராணி லைனில் வந்தாள்.

"யக்கா, அந்தத் தாத்தா போயிட்டாவ. கொச்சியில யாரோ எடுத்துக்கிடுதேன்னு சொல்லிருக்காவளாம். இப்பத்தான் பாய விரிச்சிட்டுக் கெளம்பிச்சு. எங்க மாடியிலருந்து தெரிஞ்சுது."

"எந்தப் பக்கம் போகுது?"

"தெக்க. வெள்ள வெளேர்னு, சாஞ்சாப்புல, என்னா அழகு போங்க. நீங்க பாக்கணுமே."

எனக்கு முன்னால் நாலு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாருக்கோ கோயம்புத்தூர் வேண்டும். யாருக்கோ சென்னை. சூப்பர்வைசர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். இணைப்பு ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு எந்தத் துளையில் செருகுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"யக்கா? லைன்ல இருக்கியளா?"

"இருக்கேன்" என்றேன்.